மார்கழிக்கு வரும்போது

சிரஞ்சீவி முகுந்தனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

நீயும் அனுவும் டிசம்பர் 28 அன்று வந்து ஒன்பது நாள் தங்கப் போகிறீர்கள் என்று அப்பா நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார். நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். தினமும் மாலையில் இரண்டு கச்சேரி, பகலெல்லாம் ஓய்வு. அப்படி வேண்டாம், கண்ணா. அனு சென்னையை முதல்முறையாகப் பார்க்க வருகிறாள். ஏசி அரங்குகளுக்குள்ளேயே உட்கார்த்தி வைத்து அனுப்பிவிட்டால், கேட்ட பாட்டுக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விடியலில் தொடங்குங்கள். சிகாகோவிலிருந்து வந்தால் முதல் சில நாள் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். படுக்கையில் புரளாமல் குளித்துவிட்டு என்னோடு கிளம்புங்கள். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் மார்கழி பஜனை வரும். பாபநாசம் சிவன் பாடிக்கொண்டே நடந்த வீதிகள் இவை. முன்னால் ஓடிப் படம் எடுக்காதே. கோஷ்டியின் பின்னால் சேர்ந்து நட. ஜால்ரா சத்தம் நெருங்கும்போது, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண் மாவுக் கையோடு நிமிர்வாள். தெரிந்த ஓர் அடியைத் தானும் கூடப் பாடிவிட்டு மறுபடி புள்ளியில் குனிந்துகொள்வாள். அந்த ஓர் அடியைக் கேட்கத்தான் முழங்கால் வலியையும் பொறுத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

ஜனவரியின் முதல் ஞாயிறும் உங்கள் நாட்களுக்குள் வருகிறது. அன்று காலை லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்கா. மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அங்கே சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் கச்சேரி செய்கிறார்கள். ஒருமுறை பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மோகன ராகம் பாடினாள். மெல்லிய குரல், பின்வரிசைக்கு எட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் முதல் இரண்டு சுற்றிலும் வேகத்தைக் குறைத்தபடி கடந்தார். மூன்றாவது சுற்றில் நின்றேவிட்டார். அனுவுக்கு நான் காட்ட விரும்பும் சென்னை இதுதான்.

சபாக்களை விட்டுவிடு என்று சொல்லவில்லை. பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லும், மியூசிக் அகாடமி 1928-லும் தோன்றியவை; அவற்றைப் பார்க்காமல் எப்படி? ஆனால் மத்தியானம் போ. பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. வளர்ந்துவரும் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். மிருதங்கக்காரர் வலந்தலையை, அதாவது மிருதங்கத்தின் வலது முகத்தை, தட்டிச் சுருதி சேர்ப்பதைக்கூட அனு பக்கத்திலிருந்து பார்க்கலாம். அகாடமியில் இசை ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிடும், அதனால் அதை முதலில் வைத்துக்கொள். கேன்டீனுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை பாட்டே வேண்டாம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பெருங்குடிவரை போங்கள். கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அடையாறு குறுக்கே வரும். அனுவை எழுப்பிக் காட்டு. பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். மழை முடிந்த சமயம் என்பதால் நீர் நிறைந்திருக்கும். கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி எல்லாம் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் நிற்கும். அப்பாவின் பைனாகுலரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அடையாற்றில் பிரம்மஞான சபை ஆலமரத்தையும் விட்டுவிடாதே. நடு மரம் 1989-இல் காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று நிற்பது அதன் விழுதுகள். ஆமைகளைப் பார்க்க ஆசைப்பட்டாய், ஆனால் பெசன்ட் நகர் கரையில் அவை முட்டையிட வருவது ஜனவரியில்தான் தொடங்கும். நீங்கள் இருக்கும்போது தென்படுவது கடினம்.

மாலைக்கு ஒன்றே ஒன்று போதும். அது கலாக்ஷேத்திராவாக இருக்கட்டும். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய பள்ளி. ஆண்டு இறுதியில் அங்கே கலைவிழா நடக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். திருவான்மியூர்ச் சாலை இரைச்சலிலிருந்து அந்த மரங்களுக்கு அடியில் நுழைந்ததும் காது தானாகத் தணியும். அதற்குப் பிறகு அங்குள்ள கூத்தம்பலம் அரங்கில் சலங்கைச் சத்தம் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். முடிந்ததும் எலியட்ஸ் கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். உடைந்த பாலம் பக்கம் இருட்டிய பிறகு போகவே கூடாது.

அனுவுக்கு நடக்க வசதியான, சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு கொண்டுவரச் சொல். கொசுவத்தி இங்கே இருக்கிறது. விமானம் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுது. 29-ஆம் தேதி நாலரைக்குக் கதவைத் தட்டுவேன்.

அன்புடன்,
அம்மா