பனொக் ஏன் கல்லாகிறது

அன்பு மகளுக்கு,

நீ சுட்ட பனொக், அதுதான் கனடாவின் பூர்வகுடி மக்கள் சுடும் அந்த றொட்டி, கல்லாகிப் போனதென்றாய். மாவில் பிழை இருக்காது, உன் கையில்தான். எங்கள் கோதுமை றொட்டிக்கு அழுத்திப் பிசைந்து மாவை ஊறவிடுவோமே, அந்தப் பழக்கம் இதற்கு ஆகாது.

நாலு பேருக்கு 400 கிராம் கோதுமை மா, 4 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 1 தேக்கரண்டி உப்பு, 60 கிராம் குளிர்ந்த பன்றிக் கொழுப்பு (வெண்ணெயும் சரி) எடு. மா, பவுடர், உப்பு மூன்றையும் முதலில் நன்றாகக் கல. கொழுப்பைப் போட்டு, விரல்நுனியால் மட்டும் உதிர்த்துவிடு. பட்டாணி அளவில் சில துண்டுகள் மிஞ்சினால் நல்லது, அடுப்பில் அவை உருகுகிற இடத்தில்தான் மா அடுக்காய்ப் பிரியும்.

அடுத்தது தண்ணீர். 240 மில்லிலீட்டரை ஒரேயடியாய் ஊற்றி முள்ளுக்கரண்டியால் கிளறு. உலர்ந்த மா அடியில் கிடந்தால் இன்னும் 20, 30 மில்லி விடு. மா கையில் கொஞ்சம் ஒட்டவேணும். பத்துத் தரம் மடித்தால் போதும். அதற்குமேல் பிசைந்தால் பசைத்தன்மை இறுகி, வெந்தபின் ரப்பர் போல இழுபடும். மேற்பரப்பு கரடுமுரடாய் இருந்தால் இருக்கட்டும், வழவழப்பாக்கப் போகாதே.

பிசைந்ததை வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதே. தண்ணீர் பட்ட உடனேயே பவுடர் வேலை தொடங்கிவிடும். அடுப்பை (ஓவனை) முன்னமே 200 பாகை செல்சியஸில் சூடாக்கி வை. வார்ப்பிரும்புச் சட்டியில் ஓர் அங்குலத் தடிப்பில் தட்டி, முள்ளுக்கரண்டியால் குத்தி, 25 முதல் 30 நிமிடம் சுடு. அடிப்பக்கத்தைத் தட்டினால் பொள்ளென்று கேட்கவேணும். மேலே சிவந்து நடு களியாய் இருந்தால் தடிப்புக் கூடிவிட்டது, அல்லது சூடு கூடிவிட்டது.

பவுடர் பழசோ என்று ஐயமா? அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடு. நுரைத்துப் பொங்காவிட்டால் எறிந்துவிடு. அதற்குப் பதிலாய் அப்பச்சோடா போடாதே. புளிப்பில்லாத இந்த மாவில் அது ஒழுங்காய்ப் பொங்காது, சவர்க்காரக் கச்சல்தான் மிஞ்சும்.

யாருடைய றொட்டி இது என்பதையும் தெரிந்து செய். பெயர் ஸ்கொட்லாந்திலிருந்து விலங்குகளின் மயிர்த்தோல் வணிகத்தோடு கனடாவுக்கு வந்தது. அங்குள்ள பூர்வகுடிகளில் கிரீ மக்கள் பஹ்குவேசிகன் என்பார்கள், ஒஜிப்வே மொழியில் பக்வேஷிகன், மெற்றி மக்களுக்கு கலெத். ஐரோப்பியர் வருமுன்னரே மேற்குக்கரைப் பக்கத்து மக்கள் கமாஸ் கிழங்கைக் குழியடுப்பில் அவித்து, அடையாய்த் தட்டி உலர்த்தினார்கள். கோதுமை மா பரவலாய் வந்தது பிறகுதான். நீ இருக்கும் வின்னிபெக், 1871இல் அரசும் பூர்வகுடி மக்களும் செய்த முதலாம் ஒப்பந்தத்துக்குள் வரும் சமவெளி நிலம். அந்தச் சமவெளியில் காட்டெருமை அழிந்தபின் அரசு பங்கீடாய்க் கொடுத்தவற்றில் மாவும் பன்றியிறைச்சியும் முக்கியமானவை. பட்டினிக் காலத்து மாவை அவர்கள் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள். சிலருக்கு அது வீட்டின் மணம், சிலருக்குப் பறிகொடுத்ததன் நினைவு. அந்த மக்கள் யாருக்காவது பரிமாறினால் இதை மனதில் வைத்துக்கொள்.

வெளியே நெருப்பு மூட்டினால், கட்டைவிரல் தடிப்பில் பச்சை வில்லோ மரக் கொம்பின் பட்டையை உரித்து, மாவைக் கயிறாய்த் திரித்து மெல்லிசாய்ச் சுற்று. தணல்மேல் திருப்பித் திருப்பிப் பிடி, சுவாலையில் காட்டினால் வெளியே கரிந்து உள்ளே பச்சையாய் நிற்கும். வெந்தது தானே கொம்பைவிட்டுக் கழன்றுவரும். அந்த ஓட்டையில் சஸ்கற்றூன் பெரி என்ற காட்டுப் பழத்தின் ஜாமை நிரப்பிச் சூட்டோடு சாப்பிடு.

அன்புடன்,
அம்மா