குசாட்சுவில் ஏன் இரண்டு இரவு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஜப்பான் பயணத்தில் குசாட்சு வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் ஏன் இரண்டு இரவு, டோக்கியோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் ஆகாதா என்று பலர் கேட்கிறீர்கள். அங்கே தங்கும் செலவும் அதிகமாகத் தெரிகிறது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

குசாட்சு, குன்மா மாகாணத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர். டோக்கியோவின் உஎனோ நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், இறங்கிப் பேருந்தில் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. போகவர ஒரு நாளில் ஆறு மணி நேரம் பயணத்திலேயே கழிந்துவிடும். ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஓடிவந்தால் மிஞ்சுவது அலுப்பு ஒன்றுதான்.

ஊருக்கு நட்ட நடுவில் யுபாதாகே என்ற பெரிய வெந்நீர் ஊற்று இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் வெந்நீர் பொங்கி, வரிசையாகப் போட்ட நீண்ட மரத் தொட்டிகளில் ஆவி பறக்க ஓடுகிறது. கந்தக நெடி தெருமுனையிலேயே மூக்கில் ஏறும். ஊற்றிலிருந்து வருவது அப்படியே குளிக்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்து விளாவினால் நீரின் குணம் கெட்டுவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் கலப்பதில்லை. மரத் தொட்டிகளில் ஓடவிட்டே ஆற்றுகிறார்கள். ஆள் உயரப் பலகைகளால், பாட்டுப் பாடிக்கொண்டே நீரைப் புரட்டி ஆற்றும் பழைய முறையைப் பக்கத்திலுள்ள நெட்சுனோயு கூடத்தில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

இந்த நீரின் அமிலத்தன்மை பி.எச். 2-ஐ ஒட்டியது. ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் நாளாக ஆகக் கரைந்து இளைத்துவிடும். இது கலந்து ஓடும் ஆற்றில் 1964 முதல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைத்துவிட்டு அமிலத்தை முறிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முகத்தைக் கழுவாதீர்கள், கண் எரியும். வெள்ளி மெட்டி, கொலுசு கறுத்துப் போகும், கழற்றி வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராத பெண்கள் கிளம்பும் முன்பே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இனி பணக் கணக்கு. ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் வாடகை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் அறை கிடைக்கும், மறுநாள் பத்து மணி வாக்கில் காலி செய்ய வேண்டும். ஓர் இரவு மட்டும் தங்கினால் குளிக்கவும் ஊரைச் சுற்றவும் நேரம் போதாது. இரண்டு இரவு என்றால் நடுவில் முழுதாக ஒரு பகல் கையில் இருக்கும். காலை, மாலை, படுக்கப் போகும் முன் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குளிப்பதுதான் அங்கத்திய பழக்கம். ஒரேயடியாக ஊறிக் கிடந்தால் தலை சுற்றும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

அப்புறம், கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடும் விஷயம். பொதுக் குளியலில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உள்ளே உடம்பில் துணி கூடாது, நீச்சலுடையும் ஆகாது. குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். கையில் தரும் சிறு துண்டு தொட்டி நீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். பல விடுதிகளில் ஆண், பெண் பக்கங்களை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன வாசல்தானே என்று நுழையாமல் திரைச்சீலையைப் பாருங்கள்: பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. இதெல்லாம் ஒத்துவராது என்றால் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் தரும் தனிக் குளியல் உள்ள விடுதியாகப் பார்த்துப் போடுகிறோம், கட்டணம் கூடும். பச்சை குத்தியிருப்பவர்களும் அதையே கேளுங்கள். சின்னப் பச்சையாக இருந்தாலும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

சைவர்கள் கவனிக்க: மீன் கண்ணுக்குத் தெரியாத சூப்பிலும் வேகவைத்த காயிலும்கூடக் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு சேர்ந்திருக்கும். விடுதிக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுச் சரக்கு வாங்குவதால், போன பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும். முட்டை, பால் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து, ஆள் வாரியாக எழுதி முன்பணத்தோடு அனுப்புங்கள். தனிக் குளியல் வேண்டுமா, தரையில் விரிக்கும் மெத்தையில் படுத்து எழ முடியாத பெரியவர்கள் வருகிறார்களா என்பதையும் அதிலேயே குறிப்பிட்டால், அதற்கேற்ற விடுதியைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்