சவுண்டை மியூட்ல போட்டா தெரியுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் டிவியில மேட்ச் ஓடிட்டு இருந்தப்ப எனக்கு ஒரு போன் வந்துச்சு, அதனால சவுண்டை மியூட்ல போட்டேன், சரியா அந்த நேரம் பார்த்து ஒரு கூல்ட்ரிங்ஸ் விளம்பரம். வழக்கமா அது வந்தாலே என் எட்டு வயசு பையன் சோபா மேல ஏறி ஆடுவான். அன்னிக்கு பாட்டு இல்லாம ஒரு ஹீரோ ஓடுறாரு, குதிக்கிறாரு, பாட்டிலை வாயில வைக்கிறாரு, அவ்வளவுதான், பையன் ரெண்டு நிமிஷம் கூட பாக்கல, எழுந்து போய் பந்தை எடுத்துக்கிட்டான். எனக்கு அப்பதான் உறைச்சுது. நடிகர் முகம் நம்மள திரும்பி பாக்க வைக்குது, ஆனா மனசுல போய் உக்காந்துக்கிறது பாட்டுதான்.

இது அந்த கம்பெனிகளுக்கு எப்பவோ தெரியும். 1971ல கோகோ கோலா இத்தாலியில ஒரு குன்று மேல பல நாட்டு இளைஞர்களை நிக்க வச்சு பாட வச்சாங்க, அந்த பாட்டு எவ்வளவு பிடிச்சுதுன்னா கூல்ட்ரிங்ஸ் பேரை மட்டும் எடுத்துட்டு தனி ரெக்கார்டாவே வந்து ஹிட் ஆச்சு. அப்புறம் பெப்சிக்காக மைக்கேல் ஜாக்சன் தன்னோட பில்லி ஜீன் பாட்டு வரிகளையே மாத்தி பாடினாரு, 1984 ஜனவரியில அந்த ஷூட்டிங்லதான் பட்டாசு தீப்பொறி பட்டு அவர் தலைமுடி பத்திக்கிட்டு தலையில தீக்காயம் ஆச்சு. 1989ல மடோனாவோட புதுப்பாட்டை ஜனங்க முதல்ல கேட்டதே பெப்சி விளம்பரத்துலதான். நான் அந்த பாட்டுங்களை எல்லாம் ரசிச்சு கேட்டவன், அதனாலதான் வருத்தமா இருக்கு.

எல்லாரும் அப்படி இல்ல. 1988ல நீல் யங்னு ஒரு ராக் பாடகர் கோக்குக்கும் பாட மாட்டேன் பெப்சிக்கும் பாட மாட்டேன்னே ஒரு பாட்டு பாடினாரு, பாட்டு வீடியோ போடற எம்டிவி சேனல் முதல்ல அதை போட மாட்டேன்னுட்டு அடுத்த வருஷம் அவங்களே அதுக்கு அந்த வருஷத்தோட சிறந்த வீடியோ விருது குடுத்தாங்க. நம்ம பேட்மிண்டன் வீரர் கோபிசந்த் 2001ல ஆல் இங்கிலாந்து போட்டியில ஜெயிச்சுட்டு வந்தப்ப தேடி வந்த கோலா விளம்பரத்தை வேண்டாம்னுட்டாரு, நான் குடிக்காததை எப்படி குடிக்க சொல்றதுங்கிறது அவர் நியாயம். அந்த மனுஷன் மேல எனக்கு அன்னிக்கு வந்த மரியாதை இன்னும் குறையல.

அன்னிக்கு ராத்திரி பையனை பக்கத்துல உக்கார வச்சு ஒரு கிண்ணத்துல சர்க்கரை அள்ளி போட்டு காட்டினேன். 330 மில்லி கோலா கேன்ல சுமார் 35 கிராம் சர்க்கரை, டீஸ்பூன்ல கிட்டத்தட்ட ஒன்பது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதே பெரியவங்களுக்கு. அஞ்சாவது ஸ்பூன்லயே "போதும்பா"ன்னான். ஆனா மறுநாள் காலையில குளிக்கும்போது அதே விளம்பர பாட்டைத்தான் பாடிட்டு இருந்தான், மூடி திறக்கிற அந்த "டஸ்ஸ்" சத்தம் உட்பட.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் சார். இன்ன நடிகர் இன்ன கூல்ட்ரிங்ஸுக்கு விளம்பரத் தூதர் ஆயிட்டாருன்னு சினிமா பக்கத்துல பெரிய போட்டோவோட போடறீங்கல்ல, அந்த போட்டோவுக்கு கீழ அந்த பாட்டில்ல எத்தனை ஸ்பூன் சர்க்கரை இருக்குன்னு ஒரு வரி சேர்த்து போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்