அந்த வரியை நீக்குங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உலக வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். ஸ்பெயினின் முதல் குடியரசு பற்றிய பாடத்தில், அதன் தலைவராக இருந்த பிரான்செஸ்க் பி இ மர்காலுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே வரி: 'கலகத்தை அடக்கத் திறனற்றுப் பதவி விலகினார்.' மறுபதிப்பிலும் அது அப்படியே வந்திருக்கிறது. அந்த வரியை நீக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் மாணவி ஒருத்தி பருவத் தேர்வில் அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பார்சிலோனாவில் நெசவாளி மகனாகப் பிறந்தவர், பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனின் நூல்களை ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர், சமமானவர்கள் மனமுவந்து செய்துகொள்ளும் உடன்படிக்கையிலிருந்தே கூட்டாட்சி பிறக்க வேண்டும் என்றவர் என்றெல்லாம் நூலகத்தில் தேடிப் படித்து எழுதியிருந்தாள். விடைத்தாள் நகல் கைக்கு வந்தபோது அந்தப் பகுதி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 'பாடநூலில் இல்லை' என்ற குறிப்பு. உங்கள் ஒற்றை வரியை ஒப்பித்தவர்களுக்கு முழு மதிப்பெண். "இனிமேல் பாடநூலை மட்டும் படிக்கட்டுமா, ஐயா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

நீங்கள் அறியாததல்ல. 1873 ஜூன் 11 அன்று அவர் பொறுப்பேற்றபோது வடக்கே, அரியணைக்கு வேறொரு வாரிசை முன்னிறுத்திய கார்லிஸ்டுகளுடன் போர்; கடல் கடந்து, அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவிலும் போர். புதிய கூட்டாட்சி அரசமைப்பு நிறைவேறும் முன்பே, ஜூலையில், கார்த்தஹேனா என்ற துறைமுக நகரம் தன்னைத் தன்னாட்சிப் பகுதியாக அறிவித்துக் கிளர்ந்தெழுந்தது. கிளர்ந்தவர்கள் அவருடைய கொள்கையையே முழங்கியவர்கள். அரசமைப்பு வரட்டும், பொறுங்கள் என்று மன்றாடினார். படையை ஏவி நசுக்கும் ஆட்சிக்குத் தலைவராக இருக்க மனமின்றி ஜூலை 18 அன்று விலகினார். அடுத்து வந்த சால்மெரோன் தளபதிகளை அனுப்பினார். அவர்களில் ஒருவரான பவியாதான் 1874 ஜனவரி 3 அன்று நாடாளுமன்றத்துக்குள்ளேயே படையை நுழைத்து உறுப்பினர்களை விரட்டினார். இதை மறைத்துவிட்டு 'திறனற்று' என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சுட்டவர்களுக்கும் நாற்காலியை விடாதவர்களுக்கும் நம் பாடநூல்களில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. 1898இல் நாடே போர் முரசு கொட்டியபோது, கியூபாவை விடுவியுங்கள் என்று எழுபது வயதைக் கடந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்த இந்த மனிதரின் குரலுக்கு அரை வரிகூட இல்லை. வயிறு எரிகிறது.

சொற்கள் சுட்டால் பொறுத்தருள்க. அடுத்த பதிப்பில் அந்த வரியை நீக்கி, அவர் ஏன் விலகினார் என்பதை நான்கு வரிகளிலாவது சேர்க்கும்படியும், பாடநூலுக்கு அப்பால் படித்து எழுதும் சரியான விடைகளுக்கு மதிப்பெண் வழங்கத் திருத்துநர்களுக்குப் பரிந்துரைக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்