சிக்னாக்கின் கடற்கரை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கடற்கரை ஓவியம் என்றாலே நீலம், மஞ்சள், விடுமுறைக் கொண்டாட்டம், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாய். கூடவே நீ அனுப்பியிருந்த படம் பிரெஞ்சு ஓவியர் பால் சிக்னாக்கின் ‘இணக்கத்தின் காலத்தில்’. அதைக் கொண்டாட்டம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதில் இருப்பது அமைதி. அந்த அமைதியைக் கணக்குப் போட்டுத்தான் வரவழைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கு அவருடைய ஓவிய நண்பர் ஜார்ஜ் சொராவினுடையது. வெளிச்சமும் வெப்ப நிறமும் மேலேறும் கோடும் ஓங்கினால் மகிழ்ச்சி. இருளும் குளிர் நிறமும் கீழிறங்கும் கோடும் ஓங்கினால் சோகம். இரு பக்கமும் சமமாக நின்று, கோடு கிடையாகப் படுத்தால் அமைதி. 1890இல் ஒரு கடிதத்தில் சொரா இதை எழுதிவைத்தார். மறு ஆண்டே, 31 வயதில் இறந்துபோனார். அதற்கடுத்த ஆண்டு சிக்னாக் தன் படகில் தெற்கே போய், அன்று சின்ன மீன்பிடித் துறையாக இருந்த சான் த்ரோப்பேயில் தங்கினார்.

இப்போது படத்தைத் திரும்பப் பார். முன்னால் மர நிழல், அப்பால் வெயில், அதற்கும் அப்பால் கிடையாக நீளும் கடல். நிழலில் கறுப்பைத் தேடாதே. ஊதாவும் நீலமும்தான் இருக்கும். பக்கத்து வெயிலின் மஞ்சளும் ஆரஞ்சும் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. இதற்கு வேர் ஒரு நெசவுக்கூடத்தில் இருக்கிறது. பாரிஸின் கோப்லான் ஆலையில் கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயப் பிரிவின் தலைவரான வேதியியலாளர் செவ்ரல், குற்றம் சாயத்தில் இல்லை, அதையொட்டி நிற்கும் நிறத்தில் என்று கண்டுபிடித்தார். அதனால்தான் சிக்னாக் நிறங்களைத் தட்டில் குழைத்து மங்கவிடாமல் தனித்தனியாக வைக்கிறார். ஒவ்வொன்றும் தன் இயல்போடு இருந்தபடியே பக்கத்து நிறத்தை ஒளிரச் செய்கிறது.

அங்கே இருப்பவர்களும் அப்படித்தான் எனக்குப் படுகிறார்கள். ஒருவர் படிக்கிறார், ஒருவர் பழம் பறிக்கிறார், சிலர் குண்டு உருட்டி விளையாடுகிறார்கள், தூரத்தில் கைகோத்து நடனம். யாரும் யாருக்கும் எஜமானர் இல்லை. சிக்னாக் அரசின்மைவாதி, அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர். படத்துக்கு முதலில் நினைத்த தலைப்பே ‘அரசின்மையின் காலத்தில்’. ஆனால் 1894 ஜூனில் பிரான்சின் குடியரசுத் தலைவர் கார்னோ ஓர் அரசின்மைவாதியால் கொல்லப்பட்டார். அரசின்மைவாதிகள் மீதான கைது வேட்டையில் விமர்சகர் ஃபெனியோன் ஏப்ரலிலேயே சிறைக்குப் போயிருந்தார், ஜூலையில் சக ஓவியர் லூஸும் போனார். தலைப்பு மாறியது. துணைத்தலைப்பில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை: பொற்காலம் கடந்த காலத்தில் இல்லை, வருங்காலத்தில் இருக்கிறது.

நண்பர்கள் சிறையில் கிடந்த காலத்தில் தீட்டிய நிழல் இது. அதை வெறும் அழகு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்னாக் 1935இல் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து அவர் மனைவி பெர்த் இந்தப் படத்தைப் பாரிஸை ஒட்டிய மோந்த்ரேய் நகரமன்றத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பாரிஸ் போனால் மெட்ரோ 9ஆம் தடத்தில் கடைசி நிறுத்தம் வரை போ. சுமார் 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம். கைப்பேசித் திரையில் இதற்கு நியாயம் கிடைக்காது. முதலில் கிட்டே நின்று அந்த ஊதாவைப் பார், பிறகு பின்னால் நகர்ந்து வா. பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்