தகதிமி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஐஸ்லாந்தின் வடக்கே, ஸ்காகாஃபியோர்துரில் ஒரு குதிரைப் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். போகும்போது எனக்குத் தெரிந்தது மெரினா மணல் குதிரை மட்டும்தான். நம் பழைய நூல்கள் குதிரைக்கு ஐங்கதி சொல்வதைப் புலவர்களின் மிகை என்றே நினைத்திருந்தேன். அங்கே நிஜமாகவே ஐந்து! எல்லாக் குதிரைக்கும் உள்ள சாதா நடை, டிராட் என்ற துள்ளோட்டம், பாய்ச்சல் போக, டோல்ட், ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்து போகும் வேக ஓட்டமான ஸ்கெய்த் என்று இன்னும் இரண்டு.

முதல் நன்றி பண்ணைக்கார அம்மாவுக்கு. அந்த ஊரில் எழுபது வயதுக்காரரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. 'அம்மா' என்றே கூப்பிட்டேன், அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

டோல்ட்டில் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று நான்கு குளம்பும் தனித்தனியாக, சம இடைவெளியில் விழும். ஒரு காலாவது எப்போதும் தரையில் இருப்பதால் மேலே குலுக்கலே தெரியாது. அம்மா என்னைப் பாதையோரம் கண்ணை மூடி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்க்யோனி என்ற குதிரை மீது கடந்து போவார். சின்ன வயதில் பாதியில் விட்ட மிருதங்கம் அப்போதுதான் கைகொடுத்தது: தகதிமி, தகதிமி. நான் ஏறினாலோ ஒரு பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டு 'தக்-திம், தக்-திம்'. கூட வேலை பார்த்த ஜெர்மன்காரப் பெண் அதைப் பன்றி ஓட்டம் என்பாள். அவள் கேலிக்கும் நன்றி.

முன்குளம்பில் எடை கட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி லாடம் அடிப்பவரிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையை எடுத்துக் குதிரையின் முதுகில் வைத்தார். பலகை மாதிரி விறைத்திருந்தது. நான் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துப் பிடித்துச் செய்த வேலை அது. அந்தக் கோடை முழுக்க டோல்ட்டே கிடையாது. தரையில் கழிகளைப் போட்டு அவற்றின் மேல் டிராட், மேட்டில் பாய்ச்சல். செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் நேரத்தில் தகதிமி தானாகவே வந்தது.

கால்நடை மருத்துவருக்கும் நன்றி. இந்த நடைக்குக் காரணமான டி.எம்.ஆர்.டி.3 மரபணு மாற்றத்தை 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததை அவர்தான் சொன்னார். "நடை அதன் ரத்தத்தில் இருக்கிறது, நீ கெடுக்காமல் இருந்தால் போதும்" என்றார். கொஞ்சம் வலித்தது.

ஸ்க்யோனியை ஜெர்மனிக்கு விற்றுவிட்டார்கள். ஐஸ்லாந்தை விட்டுப் போன குதிரை மறுபடி உள்ளே வரச் சட்டம் இடம் தராது. அதை வாங்கியவருக்கு ஒரு வேண்டுகோள்: இடது வாரைக் கொஞ்சம் தளர்த்தியே பிடியுங்கள். அந்தப் பக்கம்தான் நான் அதிகம் இழுத்தேன்.