படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்

பசுமைத் தொழில் மானியத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மனு மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது, அதே குறிப்போடு: "மக்கும் தன்மைச் சான்று இணைக்கவும்." இல்லாத சான்றை எங்கே போய் வாங்குவது?

நாங்கள் செய்வதை நீங்கள் நேரில் பார்த்தவர்கள்தான். செங்குன்றம் அரிசி ஆலைகளில் பாய்லருக்குப் போட்டது போக மிஞ்சும் உமியை மாவாக அரைத்து, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கலந்து, பூந்தொட்டியும் பிரஷ் கைப்பிடியும் வார்க்கிறோம். நூறு கிலோவில் முப்பது கிலோ உமி. அந்த அளவுக்கு பிளாஸ்டிக் குறைகிறது. மீதி எழுபது மக்காது. மறைக்காமல் படிவத்தில் எழுதினோம், அதுவே வினையாகிவிட்டது.

உமிமாவு ஈரத்தை இழுக்கும். வியாசர்பாடிக் காற்றில் காலையில் காயவைத்தது சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும். நமுத்த மாவு மிஷினுக்குள் போனால் ஆவி கிளம்பி, தொட்டிச் சுவரெல்லாம் கொப்புளம். சூட்டைக் கூட்டலாம் என்றால் 200 டிகிரியைத் தாண்டும்போதே உமி கருகி நாறும். போதாக்குறைக்கு உமியில் இருக்கும் சிலிக்கா, மிஷினுக்குள் கலவையை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவையும் அதைச் சுற்றியிருக்கும் பேரலையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடுகிறது. நாங்கள் மானியம் கேட்டது ஒரு நல்ல டிரையருக்கும் தேயாத ஸ்க்ரூவுக்கும்தான், ஐயா.

ஜெர்மன் கார்களின் கதவு உட்பலகையில் ஆளி நாரும் சணல் நாரும் சேர்க்கிறார்கள். அந்தக் கதவு மக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பசுமை விழாவுக்கே ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறோம். சாதாரணப் பையில் 'மக்கும்' என்று அச்சடித்தவருக்கு முன்வரிசையில் ஸ்டால். உண்மையை எழுதியவருக்குத் திருப்பி அனுப்பிய கவர். கொடுங்கையூர்க் குப்பைப் புகையை மூச்சில் வாங்குகிற நாங்கள் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: 'மக்கும்', 'மக்காது' என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் 'பிளாஸ்டிக்கைக் குறைக்கும் கலவை' என்று மூன்றாவதாக ஒன்று. எங்கள் சொல்லை நம்ப வேண்டாம். மாதிரியை எரித்துச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் எரிந்து போய்விடும், உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். முப்பது சதவீதக் கலவை என்றால் நூறு கிராமுக்குச் சுமார் ஆறு கிராம். ஏமாற்றினால் தராசு சொல்லிவிடும்.

அடுத்த சுற்று விண்ணப்பம் தொடங்குமுன் அந்தக் கட்டத்தைச் சேர்த்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் காரணத்தையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் சிறுபட்டறை நடத்தும் ஒருவன்